பந்தி வஞ்சனை: இணையம் எப்படிப் பரிமாறுகிறது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உறவில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரணை என் பெரியப்பாவிடம்தான். சமையலுக்குத் தவசிப்பிள்ளை தனியாக வருவார். பெரியப்பா கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை. தோளில் துண்டோடு பந்தியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, எந்த இலையில் என்ன குறைகிறது என்று கண்ணாலேயே கணக்குப் பார்ப்பார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது முதல்முறையாக சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது இலையில் என் பள்ளிக்கூடத்து நண்பன். வாளியைத் துழாவி நாலு முருங்கைக்காயைத் தேடி அவன் இலையில் போட்டேன். ஏழாவது இலைக்குப் போகும்போது வாளியில் வெறும் குழம்புதான் மிச்சம்.

பந்தி எழுந்ததும் பெரியப்பா என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். திட்டவில்லை. "தம்பி, இலையப் பாரு. மூஞ்சியப் பாக்காத" என்றார். கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "வாளி எந்த இலையில தீருதோ, அடுத்த வாளி அந்த இலையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். மறுபடியும் தலைமாட்டுலேர்ந்து ஆரம்பிச்சா, கடைசி இலைக்காரன் ரசத்துக்குக் காத்துக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவான்."

ஆள் பார்த்துப் பரிமாறுவதற்கு நம் ஊரில் பந்தி வஞ்சனை என்று பெயர். அதைக் குறை என்றுகூடச் சொல்லமாட்டார்கள், பாவம் என்றே சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் நடக்கும் நெட் நியூட்ராலிட்டி வழக்கு இந்தப் பாவத்தைப் பற்றியதுதான். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. தமிழில் இணையச் சமநிலை என்கிறோம். பெயர் புதிது, பேச்சு பழையது. சமையல்கட்டிலிருந்து இலை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அண்டாவிலிருந்து இலைக்கு

சாம்பார் அண்டாவை யாரும் அப்படியே தூக்கிக்கொண்டு பந்திக்கு வருவதில்லை. வாளியில் மொண்டு, வாளியிலிருந்து கரண்டி கரண்டியாகத்தான் இலைக்கு வருகிறது. இணையமும் அப்படியே. உங்கள் தங்கை சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் குழந்தையின் புகைப்படம் 3 எம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுப் படமாக வருவதில்லை. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1,500 பைட் கொண்ட சுமார் 2,000 பொட்டலங்களாக வெட்டப்பட்டு வருகிறது. இவற்றுக்குத்தான் டேட்டா பாக்கெட் என்று பெயர். கல்யாண வீட்டுக் கரண்டிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு கரண்டியும் ஒரு மூடி போட்ட தூக்கில் தனித்தனியாகப் பயணிக்கிறது. மூடியின் மேல் ஒரு சீட்டு. எங்கிருந்து புறப்பட்டது, எந்த இலைக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வரிசை எண்ணும் உடன் வருவதால், முன்னே பின்னே வந்து சேர்ந்தாலும் உங்கள் போன் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

இந்தத் தூக்குகளை வாங்கி அடுத்த கைக்குக் கொடுப்பவைதான் ரவுட்டர்கள். சென்னையில் ஒரு வீட்டிலிருந்து அயல்நாட்டில் உள்ள ஒரு சர்வர் வரை பத்துப் பதினைந்து கை மாறுவது சாதாரணம். ரவுட்டர் செய்வது ஒரே வேலை. சீட்டில் உள்ள முகவரியைப் படிக்கிறது, அந்தத் திசைக்கு எந்தக் கை பக்கமோ அங்கே கொடுத்துவிட்டு அடுத்த தூக்கை எடுக்கிறது. உள்ளே இருப்பது சாம்பாரா பாயசமா, யார் சமைத்தது, தின்னப் போகிறவர் யார் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. பெரியப்பா சொன்ன முதல் விதி இதுதான். இணையத்தை வடிவமைத்தவர்களும் அறிவை நடுவழியில் வைக்காமல் இரண்டு முனைகளிலும்தான் வைத்தார்கள். அதனால்தான் டிம் பெர்னர்ஸ் லீ உலகளாவிய வலையை (WWW) உருவாக்கியபோது எந்தத் தொலைபேசி நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தூக்கில் புதுப் பண்டம் ஒன்று வைத்தார். கை மாற்றுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

கூட்டம் நெரியும்போதுதான் சோதனை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே உள்ள நடை குறுகலானது. முகூர்த்தம் முடிந்து ஒரே நேரத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தால் வாளிகள் நடையில் தேங்கும். ரவுட்டரிலும் பாக்கெட்டுகள் நிற்க ஒரு திண்ணை உண்டு. திண்ணையும் நிரம்பினால் புதிதாக வருபவற்றை அது கீழே போட்டுவிடும். ஆமாம், வெறுமனே போட்டுவிடும். வந்துசேர்ந்த ஒவ்வொரு தூக்குக்கும் வாங்குகிற பக்கம் "வந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் இன்னொரு முறை அனுப்புவார்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், சில நூறு கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. எண்ணூறில் ஒரு பங்கு. பதில் வரவில்லை என்று எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்ப, நடை முழுக்க ஒரே சாம்பாரின் மறுபதிப்புகள். வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1988-ல் மருந்து சொன்னார்: தூக்கு தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அனுப்புகிறவர் தானாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். வழி விட்டதும் மெல்ல மெல்லக் கூட்டலாம். இன்றுவரை இணையம் நிற்பது பெரும்பாலும் இந்த அடக்கத்தின் மேல்தான். நடுவில் எந்த அதிகாரியும் இல்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதால் எல்லோருக்கும் கிடைக்கிறது.

மூடியைத் திறந்து பார்த்தால்

ரவுட்டர் முகவரியை மட்டும் படிக்க வேண்டும் என்பது வழக்கம்தான், இயற்கையின் விதி அல்ல. கணினிகள் வேகமானபோது, ஓடுகிற தூக்கை ஒரு கணம் நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பும் கருவிகளும் வந்தன. இது வாட்ஸ்அப் அழைப்பு, இது யூட்யூப், இது எங்கள் போட்டியாளருடையது என்று அவற்றால் தரம் பிரிக்க முடியும். இன்று பெரும்பாலான தளங்கள் சங்கேதப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகின்றன, உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் முகவரியும், இணைப்பு தொடங்கும்போது சொல்லப்படும் தளத்தின் பெயரும் பெரும்பாலும் வெளியில் தெரிகின்றன. வஞ்சனைக்கு அது போதும்.

பரிமாறுகிறவர் ஏன் வஞ்சனை செய்ய வேண்டும்? அவரே ஒரு பக்கம் சொந்தமாகச் சமையல் கடை வைத்திருப்பதால். வட கரோலினாவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் இணைய வழிப் பேச்சுச் சேவையான வோனேஜைத் தன் கம்பியில் தடுத்தது. 2005-ல் 15,000 டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தொலைபேசி விற்கிறவருக்கு இணைய வழிப் பேச்சு பிடிக்காது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் இதே கதை. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணைய வழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்திருக்கிறோமே, அதில் பேசினால் என்ன, படித்தால் என்ன என்று மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

இவை வெளிப்படையானவை. என்னை உறுத்துவது 2007-ல் காம்காஸ்ட் செய்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்று அது. ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் பொறியாளர், பதிப்புரிமை காலாவதியான பழைய நால்வர் குழுப் பாடல்களை பிட்டாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகப் பகிர்ந்துகொண்டிருந்தார். பாட்டுகள் போகவே இல்லை. தன் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து ஒரு பொய்ச் சீட்டு நுழைகிறது. இந்தப் பக்கத்துக்கு, "அவர் போதும் என்று சொல்லிவிட்டார்". அந்தப் பக்கத்துக்கும் அதே வாசகம். பந்தியில் நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர் சமையல்காரரிடம் போய் உங்கள் குரலில் "எனக்குப் போதும்" என்கிறார். உங்களிடம் வந்து சமையல்காரரின் குரலில் "தீர்ந்துவிட்டது" என்கிறார். அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் பைபிளை அனுப்பிச் சோதித்தார்கள், அதுவும் அறுந்தது. நிறுவனம் முதலில் மறுத்தது. 2008-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கண்டித்து உத்தரவிட்டது. 2010-ல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை ரத்துசெய்தது. செய்தது சரியென்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடுக்கச் சட்டம் இல்லை என்றது.

எது வஞ்சனை இல்லை

எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று இதைப் புரிந்துகொண்டால் தப்பு. பந்தியில் உப்பும் இனிப்பும் முதலில் வரும், மோர் கடைசியில் வரும். சர்க்கரை நோய்க்காரருக்குப் பாயசம் வேண்டாம் என்றால் போடமாட்டார்கள். வயதானவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். இவற்றை யாரும் வஞ்சனை என்பதில்லை. பேச்சு ஒரு விநாடி தாமதித்தால் உரையாடல் குலைந்துவிடும், மின்னஞ்சல் ஒரு நிமிடம் தாமதித்தால் ஒன்றும் குடிமுழுகாது. இது தெரிந்துதான் 1981-ல் இணைய நெறிமுறையை எழுதியவர்களே அந்தச் சீட்டில் அவசரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே, முன்னுரிமை என்பதே கூடாது என்று வாதாடுகிறவர்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை.

கேட்க வேண்டியது வேறு. எல்லாப் பேச்சுச் சேவைக்கும் ஒரே முன்னுரிமையா, காசு கொடுத்த சேவைக்கு மட்டுமா? நெரிசல் நேரத்தில் மட்டுமா, எப்போதுமா? சொல்லிவிட்டுச் செய்கிறார்களா, ஒளித்தா? பண்டத்தின் வகை பார்த்து வரிசை அமைக்கலாம். யாருடைய பண்டம் என்று பார்த்து அமைக்கக் கூடாது. என் கணக்கில் கோடு அங்கேதான் விழுகிறது.

அந்தக் கோடும் சில இடங்களில் மங்கலாகத்தான் இருக்கிறது. பெரிய கல்யாணங்களில் சமையல்கட்டு தூரமாக இருந்தால், பந்திக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, சாம்பாரும் ரசமும் நிரப்பிய வாளிகளை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். யூட்யூபும் நெட்பிளிக்ஸும் இதைத்தான் செய்கின்றன. நீங்கள் பார்க்கும் படம் கலிபோர்னியாவிலிருந்து வருவதில்லை. இங்கேயே ஒரு டேட்டா சென்டரில் வைத்த நகலிலிருந்து வருகிறது. இது யாருடைய தூக்கையும் பின்தள்ளுவதில்லை, நடையின் நெரிசலைக் குறைக்கிறது. இந்திய விதிகளும் இதற்கு விலக்கு அளித்திருக்கின்றன. ஆனால், பக்கத்தில் மேசை போட வசதி உள்ளவருக்குத்தான் அந்த வேகம். நேற்றுத் தொடங்கிய ஒரு தமிழ்க் காணொளித் தளத்துக்கு அது எட்டாது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

இன்னொரு மங்கல் இடம் சமையல்கட்டு வாசல். 2013 கடைசியில் காம்காஸ்ட் வாடிக்கையாளர்களுக்கு நெட்பிளிக்ஸ் படங்கள் திக்கித் திக்கி ஓடின. இந்த முறை யாரும் மூடியைத் திறக்கவில்லை, பொய்ச் சீட்டும் போடவில்லை. இரண்டு வலைப்பின்னல்களும் சேரும் வாசலில் நெரிசல், வாசலை யார் காசில் அகலப்படுத்துவது என்று தகராறு. 2014 பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ் காம்காஸ்ட்டுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது, படம் சரளமாக ஓடத் தொடங்கியது. வாசலை அகலப்படுத்தாமல் இருப்பதும் ஒரு வகை வஞ்சனையா? ஆம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை நிரூபிப்பது கடினம், ஏனென்றால் அங்கே எந்தச் செயலும் நடக்கவில்லை, செய்யாமை மட்டுமே நடந்தது.

எலுமிச்சை சாதம் மட்டும் இலவசம்

கல்யாணப் பந்தியில் காசுப் பேச்சு இல்லை. ஆகவே கட்டணத்தைப் பற்றிப் பேச மண்டபத்தை விட்டு ஒரு மெஸ்ஸுக்கு வரவேண்டும். வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம். ஒருநாள் வாசலில் பலகை தொங்குகிறது: "டோக்கன் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு எலுமிச்சை சாதம் இலவசம்." தர்மம்தானே என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே விசாரித்தால், அந்த எலுமிச்சை சாதம் ஒரே ஒரு பெரிய சமையல்காரருடையது. இலவசத் தட்டில் வேறு என்னென்ன வரலாம் என்று முடிவு செய்கிறவரும் அவரே. கட்டடத் தொழிலாளி தினம் வந்து அதையே சாப்பிடுகிறார். மெஸ்ஸில் சாம்பார் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. தெருமுனையில் அடை சுட்டு விற்கத் தொடங்கியிருக்கும் அம்மாவுக்கு அவர் ஒருநாளும் வாடிக்கையாளர் ஆகமாட்டார்.

இந்தியாவில் நடந்தது இதுதான். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற சேவையைக் கொண்டுவந்தது. தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, சேவை கிடைத்த மொழிகளில் தமிழும் ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்ட தளங்கள் டேட்டா கட்டணம் இல்லாமல் திறக்கும், மற்றவற்றுக்குக் காசு. அந்த ஆண்டே அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்று இன்னொன்று வந்தது: நிறுவனங்கள் ஏர்டெலுக்குப் பணம் கட்டினால் அவர்களுடைய செயலி வாடிக்கையாளருக்கு இலவசம். பணம் கட்ட முடியாத செயலிக்கு என்ன கதி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குச் சற்றுமுன், மார்ச் 27 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு இருபது கேள்விகள் கேட்டிருந்தது. அப்படிப்பட்ட அறிக்கைகளுக்குத் தொழில்துறையினர் மட்டும் பதில் எழுதுவார்கள், கோப்பு மூடப்படும். இந்த முறை சில தன்னார்வலர்கள் அதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சுருக்கி, மின்னஞ்சல் அனுப்பும் வழியையும் இணையத்தில் வைத்தார்கள். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு போட்ட காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போய்ச் சேர்ந்தன. ஏர்டெல் ஜீரோவில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட் விலகியது. கிளியர்டிரிப் இன்டர்நெட்.ஆர்க்கை விட்டு வெளியே வந்தது.

ஃபேஸ்புக் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் டிராய் கட்டண வேறுபாடு பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டபோது, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. மார்க் ஸக்கர்பெர்க் கட்டுரை எழுதினார். ஃபேஸ்புக் பயனாளர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக டிராய்க்குக் கடிதம் போய்விடும். லட்சக்கணக்கில் போயிற்று. நாங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லை, கலந்தாய்வை வாக்கெடுப்பாக மாற்றாதீர்கள் என்று டிராய் கடுமையாகச் சொன்னது.

ஸக்கர்பெர்க்கின் வாதத்தை நான் லேசாக ஒதுக்க விரும்பவில்லை. நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இல்லை, ஆனாலும் நூலகம் நல்லதுதானே. ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சம் கிடைப்பது தப்பா என்று கேட்டார். பசித்தவன் முன்னால் நின்று கொள்கை பேசுவது எனக்கும் கூசும். ஆனால் நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று ஒரு பதிப்பாளர் முடிவு செய்வதில்லை. யார் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்ற விவரம் அவர் வழியாகப் போவதுமில்லை. ஏழைக்கு இணையம் இலவசம் என்றால், அவர் விரும்பும் தளத்தைத் திறக்கும்படி கொஞ்சம் டேட்டாவைக் கொடுங்கள். மாதம் 100 எம்பி கொடுங்கள், அதில் அவர் வேலை தேடட்டும், பாட்டுக் கேட்கட்டும், என்னவோ செய்யட்டும். 2016 டிசம்பரில் டிராயே கிராமப்புறத்துக்கு இதே அளவைப் பரிந்துரைத்தது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராயின் உத்தரவு வந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். மூன்று நாளில் ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது. ஏழைகள் இணையம் இல்லாமல் போய்விட்டார்களா? அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. 2014-ல் ஒரு ஜிபிக்குச் சராசரியாக சுமார் 270 ரூபாய் இருந்த டேட்டா, சில ஆண்டுகளில் பன்னிரண்டு ரூபாய் அளவுக்கு இறங்கியது. கோடிக்கணக்கானவர்கள் முழு இணையத்துக்குள் வந்தார்கள். டோக்கன் விலை இறங்கியதால் கூட்டம் வந்ததே தவிர, எலுமிச்சை சாதத்தால் அல்ல.

2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அடுத்த அடியையும் எடுத்து வைத்தது. தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, ஒன்றை மட்டும் விரைவுபடுத்துவது எல்லாமே உரிமத்தின் நிபந்தனைப்படி தடைசெய்யப்பட்டன. உலகின் வலுவான விதிகளில் ஒன்று நம்முடையது. அமெரிக்காவில் 2015-ல் விதி போட்டார்கள், 2017-ல் எடுத்தார்கள், 2024-ல் மறுபடி போட்டார்கள், 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆட்சி மாறினால் பந்தி வரிசையும் மாறும் நிலைமை அங்கே.

நம் விதிக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் செய்யும் வஞ்சனையைத்தான் அது தடுக்கிறது. அரசே பந்தியை நிறுத்தினால் அது பேசாது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் மெதுவான 2ஜி வேகத்தில் திரும்ப வந்தபோது, அரசு பட்டியலிட்ட தளங்கள் மட்டும்தான் திறந்தன. முதலில் 153, ஒரு வாரம் கழித்து 301. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். இணையச் சமநிலைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போன நாட்டில், இந்தப் பட்டியலுக்கு அந்த அளவு எதிர்ப்புக் கிளம்பவில்லை. எனக்கு அது வருத்தமே.

அடுத்த வாளி

சண்டை இப்போது வேறு வாசலுக்கு வந்திருக்கிறது. யூட்யூப் போன்ற பெரிய சமையல்காரர்கள்தான் எங்கள் நடையை அடைக்கிறார்கள், நடையைக் கட்டிய செலவில் அவர்கள் பங்கு தரட்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. ஐரோப்பாவிலும் கேட்கிறார்கள், இந்தியாவில் செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கமும் கேட்கிறது. கோபுரம் கட்டவும் அலைக்கற்றை வாங்கவும் ஆகும் செலவு உண்மைதான். ஆனால் அந்தச் சாம்பாரைக் கேட்டது யார்? டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம். நம்மிடம் ஏற்கெனவே காசு வாங்கிவிட்டு, கொண்டுவந்து கொடுத்ததற்குச் சமையல்காரரிடமும் காசு கேட்டால், அது கடைசியில் சாம்பார் விலையில் ஏறி நம் தலையில்தான் விழும். தென்கொரியாவில் இப்படிப்பட்ட கட்டண முறை இருக்கிறது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே பத்து மடங்கு செலவாகிறது என்று சொல்லிவிட்டு, ட்விட்ச் என்ற நேரலைத் தளம் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டைவிட்டே வெளியேறியது. பெரிய சமையல்காரர் பணம் கட்டிவிடுவார். கட்ட முடியாதவர் கடையை மூடுவார். அடை சுடும் அம்மா கடை திறக்கவே மாட்டார்.

இதையொட்டி டிராய் 2023 ஜூலையில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. வாட்ஸ்அப் போன்ற சேவைகளுக்கு ஒழுங்குமுறை வேண்டுமா, குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தடை செய்யலாமா என்பதெல்லாம் அதில் கேள்விகள். இப்படி இன்னும் வரும். டிராயின் இணையதளத்தில் அவை எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. கருத்து அனுப்ப வேண்டிய முகவரியும் கடைசித் தேதியும் அறிக்கையின் தொடக்கத்திலேயே இருக்கும். அடுத்தது வரும்போது நீங்களும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 2015-ல் எழுதியவர்கள் எல்லோரும் பொறியாளர்களோ வக்கீல்களோ இல்லை.